உப்பிய மீன் டின்

ஜன்னலருகே நின்றிருந்த என் மனைவி, "வேப்பமரம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க" என்றாள். இமைகள் பாதி இறங்கியிருந்தன. தூக்கக் கலக்கம் என்று காப்பி கொடுத்தேன். அது தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியே வந்தது.

திருச்சுழியில் எங்கள் மகன் மளிகைக்கடை வைத்திருக்கிறான். முந்தைய நாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வந்து, கடையில் உப்பிக் கிடந்த மீன் டின்களைப் பறிமுதல் செய்தார்கள். நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். "எங்க ஊரு வெயிலுக்குக் காத்து விரியத்தான் சார் செய்யும்" என்று வாதாடினேன்.

"அப்ப இதை நீங்க திம்பீங்களா சார்?" என்றார் அலுவலர். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் ஒரு டின்னை மஞ்சப்பையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

இந்தப் பக்கம் மீன் என்றால் பெரும்பாலும் கருவாடுதான். வாடைக்கு நாங்கள் பயப்படுவதில்லை. கருவாட்டில் ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் வைத்து உப்புப் பார்த்த பிறகே குழம்புக்கு உப்புப் போடுவார்கள். டின் மீனையும் அவள் அப்படித்தான் பார்த்தாள். பிறகு புளிக்குழம்பு வெகுநேரம் கொதித்தது. இருவரும் சாப்பிட்டோம்.

அவளை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். "கடைசியா என்ன சாப்பிட்டாங்க?" என்று மருத்துவர் கேட்டார். கடைக்குச் சீல் வைத்துவிடுவார்களே என்று பயந்து, "கத்திரிக்காய்க் குழம்பு" என்றேன். பக்கவாதமா என்று ஸ்கேன் எடுத்தார்கள். பகல் முழுக்க வேறு எதையோ தேடினார்கள். மூச்சு முட்டி, வென்டிலேட்டர் (மூச்சுவிட உதவும் இயந்திரம்) பொருத்திய பிறகுதான் உண்மையைச் சொன்னேன்.

"பொட்டுலிசம் (கெட்ட டின் உணவில் கிருமி உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்குவது) மாதிரி இருக்கு. கொதிச்சதால நீங்க தப்பிச்சீங்க. அவங்க கொதிக்கிறதுக்கு முந்தியே வாயில வச்சிருக்காங்க" என்றார் மருத்துவர். எதிர்நஞ்சு (ரத்தத்தில் திரியும் நஞ்சை முறிக்கும் மருந்து) இனிமேல் பரவாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே முடங்கியதை மீட்காது என்றும் சொன்னார். "காலையிலயே சொல்லியிருக்கலாமே ஐயா."

வராந்தாவில் மகன் கேட்டான்: "கடையக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டனாப்பா?"

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால், சாப்பிட்டது எதுவானாலும் முதல் கேள்விக்கே சொல்லிவிடுங்கள். வெட்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பல வாரங்கள் கழித்து அவள் வீடு திரும்பினாள். பேச்சு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

இப்போது அவளுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்குவதற்குள் என் தட்டு காலியாகிவிடுகிறது. என் தொண்டை தடங்கலில்லாமல் விழுங்கும் சத்தம் எனக்கே கேட்கிறது. எழுந்துபோகப் பார்ப்பேன். "உக்காருங்க" என்பாள். தாடையை விரல்களால் தாங்கிக்கொண்டு மெல்வாள். அவள் கடைசி வாயை விழுங்கும்போது வெயில் சாய்ந்திருக்கும்.