பூத்தால் மட்டும் அழகான வீடுகள்

கிள்ளானில் எங்கள் பிளாட்டுக்கு எதிரே வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடுகள் இருந்தன. மற்றவை பூட்டிக் கிடக்க, கடைசி வீட்டில் மட்டும் துணி தைக்கும் அக்கா ஒருவர் தனியாக வாடகைக்கு இருந்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போய்த்தான் அவர் எனக்குப் பழக்கம்.

வீடுகளுக்கு முன்னால் தெக்கோமா மரங்கள். நன்றாக வெயில் காய்ந்து ஒரு மழை பெய்தால் போதும், மரம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். அப்போது பின்னால் இருக்கும் மஞ்சள் சுவரைப் பார்த்தால் யாருக்கும் நிற்கத் தோன்றும். கோலாலம்பூரிலிருந்தெல்லாம் காரில் வந்து படம் எடுப்பார்கள். கல்யாண ஜோடிகள் அக்காவின் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வார்கள்.

"கொஞ்சம் உள்ள போங்க ஆன்டி, படத்துல விழுறீங்க" என்று கேமராக்காரன் ஒருவன் அவரிடமே சொன்னான். அக்கா சிரித்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பூ சில நாட்களில் கொட்டிவிடும். ஆண்டுக் கடைசி மழையில் அதே சுவரில் பாசி கறுத்துப் படரும். அப்படியொரு மழை நாளில் அதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். இடத்தை வாங்கிய கம்பெனி இடிக்க அனுமதி கேட்டிருந்தது. கூடாதென்று அக்கம்பக்கத்தில் நாங்கள் சிலர் மனு கொடுத்திருந்தோம். கைப்பேசியில் இருந்த படங்களை அவரிடம் காட்டினேன்.

"மார்ச்சுல வந்து பாருங்க சார், அவ்வளவு அழகா இருக்கும்."

"இது மரத்தோட அழகுலா. நான் கட்டடத்தப் பார்க்க வந்திருக்கேன்."

பூவை எடுத்துவிட்டு அந்த வீடுகளைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அக்காதான் குடையோடு முன்னால் வந்தார்.

"சார், இதுல ஆள் குடியிருக்கு. அதையும் எழுதிக்குங்க."

அதிகாரி தலையாட்டிவிட்டுப் போனார்.

முன்சுவரையும் மரங்களையும் மட்டும் விட்டுவைப்பது என்று முடிவானது. தையல் மிஷினை லோரியில் ஏற்றிக்கொண்டு அக்கா காப்பாரிலுள்ள மகள் வீட்டுக்குப் போனார். அடுத்த வாரமே கூரையும் அறைகளும் போயின. சுவர் விழாமல் இருக்கப் பின்னால் இரும்புக் கம்பங்களை முட்டுக் கொடுத்தார்கள்.

இந்த மார்ச்சிலும் பூத்தது. வழக்கம்போல் கூட்டம். படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "பின்னால ஒன்னுமே இல்ல, தெரியுமாம்மா?" என்றேன்.

"தெரியும் ஆன்டி. ஆனா அழகா இருக்குல்ல?"

அழகாகத்தான் இருந்தது. போன வருடத்தைவிடக் குறைவு என்று சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். "பூத்திருக்குக்கா. பார்க்க வரீங்களா?"

"மழைக்காலத்துல வரேன்லா. அப்ப அங்க யாரும் நிக்க மாட்டாங்க" என்றார்.