குப்பைக்குப் போன பாசி

ரிசப்ஷனுக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. கடல்நீர் டேங்க் முழுக்க வெள்ளைக் கலங்கல். மீன்கள் செத்து மிதந்தன. பார்த்துப் பார்த்து வளர்த்த பவளங்கள் சளியாக உருகி வழிந்தன.

அருள்புரத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி அது. அங்கே டேங்க்கைப் பராமரிப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்க்கின் உயிர் கீழே, மேல்தண்ணீர் இறங்கி வந்து சேரும் சம்ப் தொட்டியில், கேபினட்டுக்குள்தான் இருக்கிறது. அங்கே லைட் போட்டு, சிக்கிய நூல்கண்டு போன்ற பச்சைப் பாசி வளர்ப்போம். மீன் கழிவிலிருந்து வரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் தின்றுதான் அது வளரும். வளர்ந்ததை வெட்டி எடுத்தால் அந்த அழுக்கும் அதோடு வெளியேறிவிடும். தண்ணீர் சுத்தமாகத் திரும்ப மேலே போகும்.

கேபினட்டைத் திறந்தேன். பாசி இல்லை. பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அந்தத் தண்ணீர்தான் மேலே போயிருக்கிறது.

"ஹவுஸ்கீப்பிங் பொம்பள யாரையும் கேக்காம கழுவிருச்சுங்க. வேலைய உட்டே நிறுத்தியாச்சு," என்றார் அட்மின் மேனேஜர். "மத்தியானம் ஆர்டர் குடுக்குற பையர் வர்றாங்க. வேற மீனு உட்டுருங்க."

"இந்தத் தண்ணியில உட்டா அதுவும் செத்துப்போகுமுங்க."

"பையர் போற வரைக்கும் நீந்துனாப் போதுமுங்க."

கேபினட்டை அறைந்து மூடிவிட்டு வெளியே வந்தேன். கேட் ஓரம் செல்வி அழுதபடி நின்றிருந்தார். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கழுவியது அவர்தான்.

"நீங்க வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுக்கிருவம்னு சொன்னேண்ணே. 'அசிங்கமா இருக்கு, அள்ளிப் போடு, பிளீச்சிங் போட்டுக் கழுவு'ன்னு அந்த மேனேஜருதேன் பக்கத்துல நின்னு செய்யச் சொன்னாரு."

அவரை அழைத்துக்கொண்டு நேராக முதலாளி ரூமுக்குப் போனேன். மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"வேலைய உட்டுப்போட்டு ஏனுங்க இந்தப் பஞ்சாயத்து?"

கத்திவிட்டேன். "கழுவச் சொன்னது நீங்களா, இல்லீங்களா? அத மட்டும் சொல்லுங்க!"

முதலாளி மேனேஜரையே பார்த்தார்.

"ஆமாங்க," என்றார் மேனேஜர், தரையைப் பார்த்து. "நாந்தானுங்க சொன்னேன்."

செல்வியை அன்றே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். யாரும் அவரிடம் ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை. புது மீன் விட நான் மறுத்துவிட்டேன். டேங்க்கைத் துணி போட்டு மூடி பையரை வரவேற்றார்கள். பிறகு டேங்க் பராமரிக்கும் என் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, மீன் செத்தால் முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். அடுத்து, கழுவியவர் யார் என்று தேடாதீர்கள். கழுவச் சொன்னவர் யார் என்று கேளுங்கள். எல்லோருக்கும் கேட்கும்படி கேளுங்கள்.