ஒன்பதாம் மேசையும் கற்கண்டும்

கோகந்து நகர ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளின் சாப்பாட்டுக்கு 'ஒன்பதாம் மேசை' என்று பெயர். மேசை எதுவும் கிடையாது, பத்தியப் பட்டியலில் அதன் எண் ஒன்பது. பார்லிக் கஞ்சி, அவித்த மாட்டிறைச்சி, வெந்த முட்டைக்கோஸ், அவ்வளவுதான். அதைத் தள்ளுவண்டியில் வார்டுக்குக் கொண்டுவருகிறவள் மஸ்தூரா. அவள் கணவன் ஸாபிர் இதே நோயில் முதலில் காலையும் பிறகு உயிரையும் விட்டான். அந்த வருஷமே இந்த வேலையில் சேர்ந்தாள். பதினோரு வருஷம் அவன் வாயில் ஒரு துளி சீனி படவிடவில்லை என்பது அவள் பெருமை. அப்படியும் போனானே என்பது ஆறாத துக்கம்.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவது அந்த ஊரில் கேவலம். ஆகவே வருகிறவர்களின் பைகளை வாசலிலேயே துழாவுவாள் மஸ்தூரா. வெண்ணெய் ரொட்டி, அல்வா, உலர்ந்த திராட்சை எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும். டாக்டர்களுக்குக்கூட அவளிடம் கொஞ்சம் பயம்தான்.

வார்டில் புதிதாகச் சேர்ந்த ஹோல்மத் கல்யாண வீடுகளுக்குப் புலாவ் சமைக்கிறவர். சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்தில் அடுப்புக் கங்கு விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. புண் அழுகிவிட்டது. திங்கட்கிழமைக்குள் சர்க்கரை இறங்காவிட்டால் பாதத்தை எடுத்துவிடுவதாக அறுவை டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்டும் அது இறங்குவதாக இல்லை.

"என்னத்தண்ணே திருட்டுத்தனமா தின்னீங்க?" என்று அவர் தலையணையை உதறினாள் மஸ்தூரா.

"ரொட்டி மேல சத்தியம், ஒன்னும் திங்கல தங்கச்சி!"

"அண்டா அண்டாவா ருசி பார்த்த வாய் சும்மா இருக்குமாக்கும்!"

"உன் கஞ்சியைக் கழுதைக்கு வச்சா, அது என்னைப் பார்த்து அழும். நான் அதையே திங்கிறேன். இன்னும் நம்ப மாட்டேங்கிறியே!"

ரொட்டி மேல் பொய்ச் சத்தியம் செய்ய அந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. மஸ்தூரா குழம்பிப்போனாள்.

ஞாயிறு மத்தியானம் வார்டு டாக்டர் ஷாஹிதா, ஹோல்மத் சாப்பிடுவதை நேரிலேயே பார்க்க வந்து நின்றார். மஸ்தூரா கஞ்சியை வைத்தாள். தேநீர் ஊற்றி, கட்டைவிரல் பருமனில் ஒரு கட்டியைப் போட்டுக் கலக்கினாள்.

"அது என்னக்கா?"

"கற்கண்டு டாக்டர். வயித்துப் பொருமலுக்கு. அவர் சம்சாரம் குடுத்துட்டுப் போச்சு."

"தினமுமா?"

"மூணு வேளையும். மருந்துதானே?"

ஷாஹிதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா, சீனியைப் பாகு காய்ச்சி உறைய வச்சாத்தானே கற்கண்டு?"

கடைவீதியில் பாகுப் பானைக்குள் நூல் தொங்குவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள்தான் மஸ்தூரா. ஆனால் பிள்ளை பெற்றவளுக்கும் சளிக்கும் வயிற்றுக்கும் கொடுக்கிற ஒன்றைச் சீனி என்று அந்த ஊரில் யார் நினைத்தார்கள்? சீனி கூடாது என்று சொன்ன டாக்டர்களும் கற்கண்டைச் சொன்னதில்லை. கலக்கிய தேநீரை அவள் திரும்ப எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தாள்.

ஷாஹிதா அறுவை டாக்டரிடம் சண்டை போட்டு ஐந்து நாள் தவணை வாங்கினார். சர்க்கரை இறங்கியது. இரண்டு கால்விரல்கள் போயின, பாதம் தப்பியது.

வீட்டுக்குப் போகிற அன்று ஹோல்மத் தடியை ஊன்றி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ டாக்டர் முன்னாடி கலக்கினதாலதான் என் கால் பிழைச்சுது தங்கச்சி. அழாதே. நீ என்ன வேணும்னேவா செஞ்சே?"

"எங்க ஸாபிருக்கும் வயிறு மந்தம் அண்ணே," என்றாள் மஸ்தூரா. "பெரிய கட்டியாப் பார்த்துப் போடுவேன்."