பதினெட்டுகளுக்கு நடுவே ஓர் இரண்டு

துறைமுக வரைபட அலுவலகத்தில் எல்லோரும் அவரை நிரப்பி அக்கா என்றே கூப்பிட்டோம். பெயர் வைத்தவன் நான்தான். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், மறுவாரமே அதைத் தன் தேநீர்க் கோப்பையில் எழுதி வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் கடலின் ஆழத்தை வரைந்தவர், ஒரு நாள்கூடப் படகில் ஏறியதில்லை. பேருந்தில் போனாலே அவருக்கு வாந்தி வரும்.

அவருடைய வேலை இதுதான். அளவைப் படகு நேர்கோடாகப் போய், நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கோடாகத் திரும்பி வரும். அதன் அடியிலுள்ள கருவி ஒலியை அனுப்பி, அது கடலடியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் குறிக்கும். இரண்டு கோடுகளுக்கு நடுவே யாரும் எதையும் அளப்பதில்லை. ஆனால் வரைபடத்தில் ஓட்டை விட முடியாதே, அதை நிரப்புவதுதான் அக்காவின் வேலை. கிழக்கு மேற்காகவும் வடக்கு தெற்காகவும் தூரம் பார்த்து, பக்கத்துப் புள்ளியின் பேச்சை அதிகமாகவும் தூரத்துப் புள்ளியின் பேச்சைக் குறைவாகவும் கேட்டு, அளக்காத இடத்தின் ஆழத்தைக் கணினி சொல்லும். மழையைக் கணக்கெடுப்பவர்களும் மண்ணுக்கடியில் தாது தேடுபவர்களும் இதே வித்தையைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். நல்ல வித்தைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அச்சில் ஏறிவிட்டால் அளந்த எண்ணும் ஊகித்த எண்ணும் ஒரே மையில் இருக்கும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அளவைப் படகை ஓட்டியது அக்காவின் தம்பி. வாய் ஓயாத ஆள். அவர் படிக்கட்டில் வரும்போதே மாடியில் இருக்கும் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒருமுறை ஆற்று முகத்துவாரத்தை அளந்துவிட்டு வந்தார். அங்கே தண்ணீர் எப்போதும் சேறாகத்தான் இருக்கும், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. சுற்றிலும் பதினெட்டு மீட்டர், பதினெட்டரை, பதினேழே முக்கால். நடுவில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இரண்டு மீட்டர். மீன் கூட்டம் குறுக்கே வந்தால் கருவி இப்படி ஏமாறும். அப்படிப்பட்ட புள்ளிகளை நாங்கள் தினம் பத்துப் பதினைந்து அடித்து நீக்குவோம். அக்கா அதையும் அடித்தார்.

தம்பி மேசைக்கு வந்து நின்று, அது ஏதோ கல்லாக இருக்குமோ என்று கேட்டார். அக்கா திரையைத் திருப்பிக் காட்டினார்.

"சுத்தி எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க, இவன் ஒருத்தன் மட்டும் வேற சொல்றான். உன்ன மாதிரியே."

தம்பி தலையைச் சொறிந்தார். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்கா."

எல்லோரும் சிரித்தோம். சரிபார்த்தவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். எதையும் சரிபார்க்கவில்லை, தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டு வருடம் கழித்து, கடல் வற்றியிருந்த ஒரு மத்தியானம், தம்பி தனியாகத் திரும்பி வரும்போது முகத்துவாரத்தின் குறுக்கே வந்திருக்கிறார். படகு கவிழ்ந்து மிதந்தது. உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. விசாரணைக்காரர்கள் எங்கள் வரைபடத்தை விரித்துப் பார்த்தார்கள். அந்தப் பாதை முழுக்கப் பதினெட்டு. அப்படியென்றால் படகோட்டி பராக்குப் பார்த்துக் கரையோரப் பாறையில் இடித்திருக்க வேண்டும், பிறகு படகு அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். தம்பியின் மனைவி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"அவரு அப்படி ஓட்டறவரா அண்ணி?" இவ்வளவுதான் கேட்டார்.

அன்றிலிருந்து அக்கா சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடவில்லை. எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. தெரிந்த புள்ளி ஒன்றை மறைத்துவிட்டு, மற்ற புள்ளிகளை வைத்து அதை ஊகிக்கச் சொல்வது. ஊகம் அளவோடு ஒத்துப்போனால் வரைபடத்தை நம்பலாம். அன்று அடித்த அந்தப் புள்ளியையும் மீண்டும் சேர்த்துக்கொண்டு, முகத்துவாரத்தை ஒவ்வொரு புள்ளியாக மறைத்து மறைத்துப் பார்த்தார். எல்லாம் அரை மீட்டருக்குள் ஒத்துப்போயின. ஒன்று மட்டும் ஊகத்திலிருந்து பதினாறு மீட்டர் தள்ளி நின்றது. அதையே திரும்பத் திரும்ப மறைத்தார், திரும்பத் திரும்பத் திறந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால் நடக்கவே எனக்குப் பயமாக இருந்தது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் நிமிர்வோம், பிறகு ஒருவரையொருவர் பார்க்காமல் குனிந்துகொள்வோம்.

ஒரு நாள் அவர் படகிலிருந்து வந்த மூலக் கோப்பைத் திறந்தார். அதில் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. எங்கள் மென்பொருள் அதைப் படிப்பதில்லை, நாங்களும் படித்ததில்லை. அந்தப் புள்ளிக்கு நேராகத் தம்பி எழுதியிருந்தார்: "மூணு தடவ சுத்தி வந்து பாத்தேன். அதே ரெண்டுதான். அக்கா, எடுத்துடாத."

ஓதம் ஏறி, கடல் பொங்கியிருந்த நேரத்து இரண்டு அது. வற்றினால் அரை மீட்டர்கூட மிஞ்சாது.

அக்கா நேராக மேலதிகாரியிடம் போனார். வெள்ளிக்கிழமை புதிய பதிப்பு அச்சுக்குப் போகிறது, மறுபடி அளக்காமல் ஒற்றைப் புள்ளியை எப்படி ஏற்பது, அதோடு இது வெளியே வந்தால் உங்கள் வேலைக்கே உலை என்று அந்த அதிகாரி சொல்லிப் பார்த்தார். அளந்துகொண்டு வருகிறேன் என்றார் அக்கா. மறுநாள் காலை, ஓதம் ஏறும் நேரம் பார்த்து வேறொரு படகில் ஏறினார். நானும் போனேன். என் கையெழுத்தும் அதில் இருக்கிறதே.

வழியெல்லாம் வாந்தி எடுத்தார். இடம் வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, கருவி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை ஈயக் குண்டோடு இறக்கினார். ஒரு முடிச்சு போனது. அடுத்த முடிச்சு தண்ணீரைத் தொட்டதும் கயிறு தொய்ந்தது. தூக்கி மறுபடி இறக்கினார். மூன்று தடவை.

"இங்கதான்டா இருந்திருக்க," என்றார், தண்ணீரைப் பார்த்து.

நடந்ததை நாங்கள் இருவரும் எழுதிக் கொடுத்தோம். விசாரணைத் தாளில் கவனக்குறைவு என்ற சொல் அடிக்கப்பட்டது. தம்பியின் மனைவி அதை வாங்கிக்கொண்டார், ஆனால் அதன் பிறகு அக்காவோடு பேசவில்லை. அக்காவைக் கோப்பறைக்கு மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று, அது இன்றுவரை எனக்கு அவமானமாகத்தான் இருக்கிறது.

கோப்பறைக்குப் போகும் முன், அக்கா கடைசியாகத் தன் கணினியில் உட்கார்ந்தார். புதிய வரைபடத்தில் அந்த இரண்டைச் சுற்றி, ஆபத்து என்று காட்டும் ஒரு சின்ன வளையம் இருந்தது. சோதனையை ஓட்டி, அந்தப் புள்ளியை மட்டும் மறைத்தார். சுற்றியிருந்த அத்தனை புள்ளிகளும் சேர்ந்து ஒரு நொடியில் பதில் சொல்லின.

"பாரு," என்றார் என்னிடம். "இன்னும் பதினெட்டுன்னுதான் சொல்லுது."