பதிவேட்டில் எனக்கு இருபத்திரண்டு வயது

இருபது வயதில் அடியெடுத்து வைக்கும் பெண் மேற்கொள்ள வேண்டிய இலட்சியங்களைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். சென்னையிலிருந்து வரும் மாதப் பத்திரிகை அது. என் கணவர் பாகூர் கடைத்தெருவில் யாரிடமோ இரவல் வாங்கி வந்திருந்தார். கட்டுரையை எழுதியவர் ஆண். படமும் போட்டிருந்தார்கள், வயது அறுபதுக்குக் குறையாது. பெண் விடியுமுன் எழ வேண்டும், நல்ல நூல்களைப் படிக்க வேண்டும், தையல் பழக வேண்டும், கோபத்தை அடக்க வேண்டும், கணவனின் குறிப்பறிந்து நடக்க வேண்டும். இவ்வளவும் போக, தினம் அரைமணி நேரம் தனியாக உட்கார்ந்து தன் முன்னேற்றத்தைப் பற்றிச் சிந்திக்க வேண்டும். அந்த அரைமணி நேரம் பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்று அவர் எழுதவில்லை. பத்திரிகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

அப்போது எனக்கு இருபது பிறந்து ஒரு மாதம். என் மகளுக்கு எட்டு மாதம். வில்லியனூரில் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்து, செர்த்திபிகா என்ற பிரெஞ்சுப் பரீட்சையில் தேறியவள் நான். படித்தவளுக்கு எதையும் எழுதிவைத்தால்தான் செய்ததுபோல் இருக்கும். பழைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து இலட்சியங்கள் எழுதினேன். விடியுமுன் எழுவது முதலாவது. அது எப்படியும் நடந்துகொண்டிருந்தது, மகளின் உபயம். ஆகவே உடனே அடித்துவிட்டேன். அந்த ஆண்டில் நான் அவ்வளவு வேகமாகச் சாதித்தது வேறொன்றுமில்லை.

ஐந்தாவதை மட்டும் சின்ன எழுத்தில் எழுதினேன்: உபாத்தியாயினி பரீட்சை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு ஓர் உதவி உபாத்தியாயினியை எடுக்கப் போவதாகவும், மார்கழியில் புதுவையில் பரீட்சை என்றும் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எழுதுகிறவளுக்கு இருபத்தொரு வயது முடிந்திருக்கக் கூடாது. இருபத்தொன்று முடிய எனக்கு அடுத்த தை வரை இருந்தது. எனவே அவசரமில்லை என்று முடிவு செய்தேன். போகலாமா, பிள்ளைக்குப் பால் மறக்குமா, ஊர் என்ன சொல்லும், எழுதித் தோற்றால் என்ன, தேறிவிட்டால் என்ன என்று பங்குனி முழுவதும் யோசித்தேன். தோற்பதைவிடத் தேறுவதுதான் அதிகம் பயமாக இருந்தது.

கணவரிடம் சொன்னேன். நல்ல மனிதர். எதற்கும் மறுத்துப் பேசமாட்டார்.

“உன் இஷ்டம்” என்றார். “அம்மாவ மட்டும் ஒரு வார்த்த கேட்டுக்க.”

என் இஷ்டம் அப்போது கரும்புச் சோகையை உதறிக்கொண்டிருந்தது. மாமியார் நிமிராமலே கேட்டார்:

“இன்னாடி, வாத்திச்சி வேலைக்கா? வூட்ல ஒரு புள்ள கத்துறது போதலியா, ஊரு புள்ளைங்க எல்லாம் வேணுமா?”

“எழுதித்தான் பாக்கறேன் அத்த. தேறுவேனோ இன்னாவோ.”

“நீ தேறிப்புடுவ. அதான் பிரச்சன.” சோகையை ஒருமுறை தட்டினார். “எழுதிட்டு வா. அப்பறம் பாத்துக்கலாம்.”

கட்டுரை எழுதியவர் இந்த வீட்டுக்கு வந்திருந்தால் தெரிந்துகொண்டிருப்பார்: மருமகளுக்கு அனுமதி கிடைக்கும்போதும் திட்டு வாங்கியதுபோலத்தான் இருக்கும்.

மனுவோடு பிறப்புத் தாள் வைக்க வேண்டும். நான் பிறந்தது வில்லியனூர்ப் பக்கம். அங்கே கொம்யூன் அலுவலகத்தை எல்லோரும் மேரி என்றுதான் சொல்வோம். பிறப்பு, சாவு, கல்யாணம் மூன்றையும் அங்கே பெரிய புத்தகத்தில் எழுதுவார்கள். பாகூரிலிருந்து வில்லியனூர் போக நடுவே இங்கிலீஷ்காரன் ஊர்களைத் தாண்ட வேண்டும். பிரெஞ்சு ஊரிலிருந்து பிரெஞ்சு ஊருக்குப் போகிறவளின் மூட்டையைச் சுங்கக்காரர்கள் இரண்டு இடத்தில் கிளறினார்கள். பிள்ளையின் ஈரத் துணிகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாவது ஆள் அதையும் பிரித்துப் பார்த்தார். கடமை தவறாதவர்.

மேரியில் இருந்த எழுத்தர் புத்தகத்தைப் புரட்டி, என் பெயரையும் அப்பா பெயரையும் கண்டுபிடித்து, விரலை வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“இது எதுக்கும்மா வேணும்?”

“உபாத்தியாயினி பரீட்சைக்குங்க.”

“அதுக்கு இருபத்தொண்ணு தாண்டக் கூடாதேம்மா. உனக்கு இருபத்திரண்டு முடிஞ்சுபோச்சே.”

கூட வந்திருந்த கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு வயது குறைத்துச் சொல்லிக் கட்டிவைத்துவிட்டார்களோ என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. நான் தைமாதத்தில் பிறந்தவள் என்றேன். புத்தகத்தில் இருந்தவள் ஐப்பசியில் பிறந்திருந்தாள். செர்த்திபிகா எழுதியபோதும் கல்யாணத்தின்போதும் இந்தத் தாளை அப்பாதான் வாங்கி அப்பாதான் கொடுத்தார். நான் கண்ணால் கண்டதில்லை. படித்த பெண்ணுக்குத் தன்னைப் பற்றிய தாளைப் படிக்கத் தோன்றவில்லை.

அங்கிருந்து அம்மா வீடு அரை மணி நடை. அப்பா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கேட்டதும் மழுப்பவில்லை. அவருக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை.

“அது உங்க அக்காளுக்கு எழுதுனது.”

எனக்கு அக்கா இருந்தாள் என்பதை இருபது வயதில், ஒரு மாட்டின் முதுகுக்கு மேலாகத் தெரிந்துகொண்டேன்.

“எந்த அக்கா?”

“நாப்பது நாளு இருந்தா. போயிட்டா. அப்பறம் ரெண்டு வருசம் கழிச்சி நீ பொறந்த. அதே பேரத்தான் வெச்சோம்.”

“என்ன ஏன் தனியா எழுதல?”

“அதான் மேரில பேரு இருக்குதே. பொண்ணு, அதே பேரு, அதே அப்பன். இன்னொரு தபா போயி அதையே எழுதச் சொன்னா அவன் சிரிக்க மாட்டானா?”

“அவ போனதயாவது எழுதியிருக்கலாமே.”

“எழுதினா அந்தப் பேரு செத்துப்போயிடுதில்ல. அப்பறம் உனக்கு ஏது பேரு?”

எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்திருந்தார். சிக்கனமான மனிதர், ஒரு பெயரையும் ஒரு பிறப்பையும் வைத்தே இரண்டு பிள்ளைகளுக்குச் சமாளித்துவிட்டார். அக்காவின் பாவாடையைப் போட்டு வளர்ந்த பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். நான் அவள் வயதைப் போட்டு வளர்ந்தேன், அவ்வளவுதான். இருபது வயதில் செய்யவேண்டியதெல்லாம் எனக்கு இரண்டு வருஷ பாக்கி விழுந்திருந்தது. என் இருபதையும் இருபத்தொன்றையும் நாற்பது நாள் குழந்தை ஒருத்தி வாழ்ந்து முடித்திருந்தாள்.

கணவர் மறுபடியும் மேரிக்குப் போய் விசாரித்து வந்தார், திருத்த வழி உண்டு என்று எழுத்தர் சொன்னாராம். புதுவையில் நீதிபதி முன்னால் பெற்றவர்கள் போய், மூத்தவள் இறந்தாள், இவள் பிறகு பிறந்தாள் என்று சொல்ல வேண்டும். அப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். வயசான ஆம்பளைக்கு நாள் நினைவிருக்காது, பெற்றவள் வாக்குத்தான் முக்கியம் என்பது எழுத்தரின் கருத்து. அம்மா அடுப்படியில் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“அவ செத்துட்டான்னு புஸ்தகத்துல எழுதுவாங்களா?”

“எழுதினாத்தாம்மா எனக்கு வயசு சரியா வரும்.”

“அப்ப வேணாம்டி.”

“ஏம்மா?”

“அங்க ஒரு எடத்துலதான் அவ உசுரோட இருக்கறா. இருந்துட்டுப் போவட்டும்.” மிளகாய்க் காம்புகளைக் கூட்டி அள்ளினாள். “பால் குடுத்தியா கொழந்தைக்கு? எச்சிலு ஊத்துது பாரு.”

அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன். கோபத்தை அடக்குவது என் நோட்டில் நான்காவது இலட்சியம். அன்றைக்கு அது நிறைவேறியது என்று எழுதிக்கொண்டிருக்கலாம். ஆனால் அது கோபந்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

ஊர் திரும்பிய பிறகு படிப்பையும் விட்டேன். மனு செல்லாது என்ற பின் பிரெஞ்சு வினைச்சொற்களை மனப்பாடம் செய்து யாருக்கு ஒப்பிப்பது? விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு மத்தியானமும் நோட்டை எடுத்துப் பார்த்து வைத்தேன். அதோடு இன்னொரு பழக்கமும் பிடித்துக்கொண்டது. மகள் தூங்கினால் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். நாற்பது நாளைத் தாண்டி மாதங்கள் ஆகிவிட்டன, கன்னம் இரண்டும் பொரிந்த பூரிபோல இருந்தது, இருந்தாலும் வைப்பேன். சில சமயம் விரல் பட்டு விழித்து அழுவாள். மாமியார் வந்து, “தூங்குற புள்ளைய எழுப்பறதுக்கும் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்களா?” என்பார்.

வைகாசியில் அம்மா வந்தாள், பேத்திக்கு ஒரு பை நிறைய அரிசிமாவும் வெல்லமும் எடுத்துக்கொண்டு. அன்று மத்தியானம் மகள் தூளியில் தூங்கினாள். நான் வழக்கம்போல எழுந்துபோய் விரலை வைத்தேன். திரும்பினால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பவும் வெப்பியா?”

“சும்மாதாம்மா.”

“நானும் வெப்பேன். மணிக்கொரு தபா வெப்பேன்.” சற்று நேரம் தூளியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கி நடவு. ஆளு போதலன்னு கூப்பிட்டாங்க. ஒரு வரிச நட்டுட்டு ஓடியாந்துடலாம்னு போனேன். அன்னிக்கி வெக்கல.”

நான் தூளியின் மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.

“யாரும் என்ன இதுவரைக்கும் கேட்டதில்லடி” என்றாள். “அந்த ஜட்ஜிகிட்ட நான் பேசணும்னா, அவுரு கேப்பாரா? எப்பப் பொறந்தா, எப்பப் போனான்னு?”

“கேப்பாரும்மா. எழுதியும் வெப்பாங்க.”

“அப்ப சொல்றேன்.”

ஆடியில் போனோம். நீதிபதி பிரெஞ்சில் கேட்க, ஒருவர் தமிழில் சொல்ல, அம்மா பதில் சொன்னாள். தேதி கேட்டார்கள். அப்பா விட்டத்தைப் பார்த்தார். அம்மா ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த கிழமையிலிருந்து எண்ணத் தொடங்கி, நாற்பதையும் எண்ணி முடித்து, அந்தக் கடைசி நாளில் பொழுது உச்சிக்கு ஏறிய நேரத்தில் வந்து நிறுத்தினாள். மொழிபெயர்த்தவர் அவ்வளவையும் ஒரே வரியில் சொன்னார்.

“இரண்டு பெண்களுக்கும் ஏன் ஒரே பெயர்?” என்று நீதிபதி கேட்டார்.

“கூப்பிட்டுப் பழகிப்போச்சுங்க” என்றாள் அம்மா.

தீர்ப்பு வர ஐப்பசி ஆயிற்று. வில்லியனூர் மேரியில் பழைய புத்தகத்தின் ஓரத்தில் அக்காவின் இறப்பைக் குறித்தார்கள். என் பிறப்பைப் பழைய ஆண்டில் நுழைக்க முடியாதாம். நடப்பு ஆண்டுப் புத்தகத்தில் எழுதினார்கள். எனக்கு முன்னால் ஐப்பசி மூன்றாம் வாரத்துக் குழந்தை ஒன்று, பின்னால் நான். என் மகள் பிறந்ததைப் பாகூரில் எழுதி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அரசாங்கக் கணக்கில் நான் என் மகளுக்கு அப்புறந்தான் பதிவானவள். இருபது வயதுப் பெண்ணின் இலட்சியங்களில் பிறப்பதும் ஒன்று என்று அந்தக் கட்டுரைக்காரர் சேர்த்திருக்கலாம்.

அம்மா எழுத்தரிடம், “எங்க எழுதியிருக்கு, காட்டுங்க” என்றாள். காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஓரத்தில் இருந்த இரண்டு வரிகளுக்குக் கீழே விரலை வைத்தாள். மை இன்னும் காயவில்லை என்று எழுத்தர் சொல்ல வாயெடுத்தார், பிறகு சொல்லவில்லை. அம்மா விரலை எடுக்கும்வரை நாங்கள் நின்றோம்.

மனுவை அங்கேயே, மேரித் திண்டில் காகிதத்தை வைத்து எழுதினேன். மார்கழிக்கு இன்னும் நாள் இருந்தது, எனக்கு இருபத்தொன்று முடிய அதற்குமேலும் இருந்தது. வினைச்சொற்களில் பாதி மறந்திருந்தது. போகலாமா வேண்டாமா என்று மறுபடியும் ஒருமுறை தோன்றியது. மகள் அம்மாவின் இடுப்பில் இருந்துகொண்டு பேனாவைப் பிடுங்கப் பார்த்ததால் யோசிக்க நேரமில்லை.

பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர் எல்லாம் எழுதினேன். பெற்றோருக்கு எத்தனையாவது பிள்ளை என்று ஓர் இடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தக் கேள்விக்கு எப்போதும் முதலாவது என்றே எழுதி வந்திருக்கிறேன். கை பழக்கத்தில் அதையே எழுதிவிட்டது. அடித்துவிட்டு, பக்கத்தில் தெளிவாக இரண்டாவது என்று எழுதினேன்.

எழுத்தர் எட்டிப் பார்த்து, “மனுவுல அடிச்சுத் திருத்தக் கூடாதும்மா, வேற தாள் தரட்டுமா?” என்றார்.

வேண்டாம் என்றேன்.