ஆட்டோவில் கிடந்த முட்டை ஓடு

அமலி, சேவியர்... இரண்டு பேரும் இப்படி வந்து உட்காருங்கள். போன வெள்ளிக்கிழமை நம் ஆட்டோவின் பின்சீட்டில் முட்டை ஓடு கிடந்தது. "தவக்காலத்துல அப்பா முட்டை தின்னுட்டாரு!" என்று தெருவுக்கே சொல்லிவிட்டீர்கள். விசாரிக்காமலே தீர்ப்பா? வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பிள்ளைகளும் கேளுங்கள்.

தேனியில் நம் கோயிலை ஒட்டி சிஸ்டர்கள் ஒரு உதவி மையம் நடத்துகிறார்கள் அல்லவா? காசநோய் வந்து, சமைத்துப் போட ஆள் இல்லாதவர்களுக்கு அங்கிருந்து மதியச் சாப்பாடு போகிறது. மாத்திரையை அரசு ஆஸ்பத்திரியில் தந்துவிடுவார்கள். ஆனால் உடம்பில் சத்து வேண்டுமே... அதனால் சோறு, பருப்போடு கட்டாயம் ஒரு அவித்த முட்டை. டிபன் கேரியர்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் ஆட்டோ.

சாப்பாடு தொடங்கிய பிறகு வந்த முதல் தவக்காலம் இது. தவக்கால விரதம் தொடங்கும் சாம்பல் புதன் அன்று சமையல் பார்க்கும் ரோஸி அக்கா முட்டையை நிறுத்திவிட்டார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஈஸ்டர் வரை நம் வீடுகளில் கறி, முட்டை கிடையாது — அந்தப் பழக்கம் அப்படியே மையத்தின் அடுப்புக்கும் போய்விட்டது. எனக்கும் உறைக்கவில்லை.

போன வியாழன் கருப்பையா அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். போனால் — துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருக்கிறார்!

"எங்கண்ணே கெளம்பிட்டீக?"

"மயிலாடும்பாறைக்கு. சாகறத சொந்த ஊர்ல சாவோம்."

"என்ன பேச்சு இது? மாத்திரை போடுறீகளா?"

"நேத்தே விட்டாச்சு. முட்டையவே நிறுத்திட்டாக, இனி மாத்திரை என்னத்தக் கிழிக்கும்? இவன் பொழைக்க மாட்டான்னு நர்சம்மா சொன்னாகளா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு தம்பி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாத்திரையை நடுவில் நிறுத்தினால் அந்த நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். தவக்காலம் என்றால் என்ன, நாங்கள் ஏன் முட்டை தொடுவதில்லை என்று அவசரமாக விளக்கினேன்.

கேட்டுவிட்டு ஒரு இருமல் இருமினார். "அட கிறுக்குப் பயலுகளா! மாலை போட்டவுக நீங்க. நான் எதுக்கு வெரதம் இருக்கணும்? எனக்கும் சேத்துல்ல போட்டுவிட்டுருக்கீக!"

பையை மட்டும் அவர் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு முட்டை வருதான்னு பாப்போம். வரலைன்னா சாயங்கால பஸ்ஸு."

நாளைக்கு வெள்ளிக்கிழமை — தவக்காலத்தில் விரதம் இன்னும் கடுமையாகும் நாள்!

மையத்தில் சொன்னதும் சிஸ்டர் தலையில் கை வைத்தார். ரோஸி அக்காவோ பதறினார்: "வெள்ளிக்கிழமை சிஸ்டர்... அதுவும் கோயில் அடுப்புல முட்டையா? மாதாவே!"

"ஒருசந்தி விரதமெல்லாம் நம்ம வயித்துக்குத்தான் ரோஸி. நோயாளிகிட்ட அதத் திருச்சபையே கேக்கல, நாம கேக்கலாமா?"

உதவி செய்யப் போகிறவர்களுக்கு இது ஒரு வியாதி, பிள்ளைகளே. சோற்றோடு நம் பழக்கத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம் — வாங்குகிறவரைக் கேட்காமலே. இல்லையா?

வெள்ளி மதியம் கருப்பையா அண்ணன் முதலில் திறந்தது மேல் அடுக்கைத்தான். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒங்க சாமி கோவிச்சுக்காதே?"

"நீங்க சாப்பிடலைன்னாத்தான் கோவிச்சுக்கும்."

பையிலிருந்து மாத்திரை அட்டையை வெளியே எடுத்து ஜன்னலில் வைத்தார். அப்புறம்தான் சோற்றில் கை வைத்தார்.

திரும்பும் வழியில் ஆட்டோவை ஓரம் கட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்காத வயிறு. அவருடைய கேரியரைத் திறந்து பார்த்தேன் — சோறு ஒரு பருக்கை மிச்சமில்லை, ஓடு மட்டும். அதை ஒரு முறை முகர்ந்துவிட்டு வெளியே கொட்டினேன். ஒரு துண்டு சீட்டில் விழுந்திருக்கிறது.

மோந்து பார்த்தது மட்டும்தான் குற்றம். போய்த் தெருவில் சொல்லுங்கள்!