பால்கனியில் ஒரு மேப்பிள்

ஜப்பானில் இருக்கும் எங்கள் மகள் போன கார்த்திகையில் வந்தபோது, அவள் வீட்டு வாசலில் உதிர்ந்த மேப்பிள் மர விதைகளைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள். ஒவ்வொன்றுக்கும் தட்டான்பூச்சி மாதிரி ஒரு இறக்கை. விளையாட்டாகத்தான் கொடுத்தாள். என் கணவர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

குளிர் பட்டால்தான் அது முளைக்குமாம். அபிராமபுரத்தில் குளிருக்கு எங்கே போவது? ஈர மணலோடு டப்பாவில் போட்டு, பங்குனி வரை ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். பிறகு பால்கனித் தொட்டியில் விதைத்தார். மண், மாடி வீட்டுத் தெலுங்கு அம்மாள் கொடுத்தது.

ஒரே ஒரு செடி வந்தது. சிவந்த தண்டு. வளர வளர இலை, மேப்பிள் இலை மாதிரியே, மூன்றாக, ஐந்தாகப் பிளந்தது. தினமும் காலையில் படம் எடுத்து மகளுக்கு அனுப்புவார்; அவள் உடனே கூப்பிடுவாள். கல்யாணமாகிப் போன பிறகு அப்பாவும் பெண்ணும் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்குத்தான் உறுத்தியது. குளிர்நாட்டு மரம் கத்திரி வெயிலில் எப்படி இவ்வளவு தளதளவென்று நிற்கும்?

ஒரு மத்தியானம், அவர் வெளியே போயிருந்தபோது, மாடி வீட்டம்மாள் வந்தார். இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"கோங்கூரா நல்லா வந்திருக்கே அக்கா!"

"இது மேப்பிள்மா."

"என்னக்கா, புளிச்சக்கீரை தெரியாதா? என் மண்ணுல விதை கிடந்திருக்கும்."

நானும் மென்று பார்த்தேன். புளித்தது. மேப்பிளும் புளிக்குமோ என்னவோ! குழம்பிப்போய் மகளுக்குப் போன் செய்து, இது புளிச்சக்கீரையாமே என்றேன்.

"தெரியும்மா. ரொம்ப நாளாவே தெரியும்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

"சொன்னா அப்பா போன் பண்றத நிறுத்திடுவாரும்மா."

ஆடி மழைக்குப் பிறகு அதில் மஞ்சளாக ஒரு பூ விரிந்தது, நடுவில் கருஞ்சிவப்பு. அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேப்பிள் இல்ல போலிருக்கே?" என்றேன்.

"இல்ல. அவகிட்ட சொல்லிடாத. ஆசையா கொண்டுவந்தா, பாவம்."

அவளுக்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பூ தெரியாமல் செல்போனைச் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டார். உடனே மணி அடித்தது.

"இன்னும் ரெண்டு இலை விட்டிருக்கும்மா."

"அப்படியாப்பா? காட்டு, காட்டு."

நான் எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை. செடி என் தோளுயரம் வந்துவிட்டது. காலையில் இருவரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.